தோற்ற காசின் விலை

தங்கத்தை அளவிட நாம் வழங்கும் ‘சவரன்’ என்னும் சொல், ஆங்கிலப் பொற்காசு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. ஏழாம் ஹென்றி மன்னர் 1489ஆம் ஆண்டில் அப்பெயருடைய காசை முதன்முதலாக அடிக்க ஆணையிட்டார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே மூன்றாம் ஹென்றி ஒரு பொற்காசை வெளியிட்டுத் தோல்வி கண்டார். அத்தோல்வியே அக்காசுக்கு இன்று பெருவிலை தேடித் தந்துள்ளது.

1257இல் வெளிவந்த அக்காசு ‘பொற்பென்னி’ எனப்படும். இரண்டு வெள்ளிப் பென்னிகளின் எடையுள்ள அதற்கு இருபது வெள்ளிப் பென்னிகளின் மதிப்பு விதிக்கப்பட்டது. அதன் முகப்பில் அரசர் செங்கோல் ஏந்தி அரியணையில் வீற்றிருக்கிறார். காசு அழகியதே, அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்றதன்று. ஏழையர் பலருடைய உடைமை முழுவதும் ஒரு பொற்காசுக்கு ஈடாகாதே என இலண்டன் நகரத்தார் முறையிட்டனர். விரும்பாதவர் அதனைப் பெற வேண்டியதில்லை என அரசர் விடையளித்தார். அவ்வாறான காசு சந்தையில் எங்ஙனம் நிலைக்கும்? பின்னர்ப் பொன்விலை ஏறவே, விதித்த மதிப்பைவிடக் காசிலிருந்த பொன்னின் மதிப்பு மிகுந்தது. காசுகள் உருக்கப்பட்டன. இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ எட்டே.

மூன்றாம் எட்வர்டு செய்த பிழை இதற்கு நேர்மாறானது. 1344 சனவரியில் அவர் வெளியிட்ட ‘இரட்டைச் சிறுத்தை’க் காசுக்கு ஆறு ஷில்லிங் மதிப்பு விதித்தார். அதிலிருந்த பொன் அத்தொகை பெறாது. வணிகர் வாங்க மறுத்தனர். ஆகஸ்டு மாதத்திலேயே காசு திரும்பப் பெறப்பட்டது. 1857இல் டைன் ஆற்றில் கிடைத்த இரு காசுகள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

இத்தகைய காசு ஒன்று கிடைத்தால், அதன் பொன்னுக்குரிய விலையை எவரும் கணக்கிடலாம். நாணயவியல் அறிஞரின் வேலை அதற்கு அப்பாற்பட்டது. அவர் எடையை நுண்ணிதின் அளப்பார். விளிம்பு நறுக்கப்பட்டுள்ளதா, அணியாகக் கோத்திடத் துளையிடப்பட்டதா என ஆராய்வார். ஐயத்துக்கு இடமில்லாத பழைய காசுகளோடு அச்சின் கோடுகளை ஒப்பிட்டுப் போலியைக் கண்டறிவார். எங்கே, எப்போது கிடைத்தது என்னும் பதிவையும் கேட்பார். பளபளக்கட்டும் என்று காசைத் தேய்த்துத் துலக்குவோர் அதன் மதிப்பைத் தாமே குறைத்துவிடுகின்றனர்.

2021இல் டெவன் மாவட்டத்து ஹெமியாக் என்னும் ஊரின் வயலில், உலோகம் காட்டும் கருவியோடு சென்ற ஒருவருக்குப் பொற்பென்னி ஒன்று கிடைத்தது. மூன்று கிராம் அளவே எடையுள்ள அக்காசு, 2022 சனவரியில் நடந்த ஏலத்தில் கட்டணம் உட்பட 6,48,000 பவுண்டுக்கு விலைபோனது.