படம் போச்சு, பாட்டு நின்னுச்சு!

1966-ல் வந்த 'தி ஆஸ்கார்' என்ற ஹாலிவுட் படத்தை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பாடகர் டோனி பென்னட் நடிகராகக் களமிறங்கிய படம் அது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நடிப்பு ஆசைக்கு அத்தோடு முழுக்குப் போட்டார் பென்னட். ஆனால், அந்தப் படத்தின் பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. அதே ஆண்டு கொலம்பியா வெளியிட்ட அவருடைய 'தி மூவி சாங் ஆல்பம்' இசைத்தட்டின் முதல் பாட்டே அதுதான்.

மொத்தம் 12 பாடல்கள்; எல்லாமே சினிமா பாட்டு. பீட்டில்ஸ் அலையில் பழைய பாணிப் பாடகர்கள் திணறிக்கொண்டிருந்த நேரம். நல்ல மெட்டுக்குப் பென்னட் திரையுலகத்தை நாடியதில் காரணம் இருந்தது. ஜானி மேண்டல், நீல் ஹெஃப்டி, குயின்சி ஜோன்ஸ் என்று ஜாஸ் குழுக்களில் ஊதித் தேர்ந்தவர்கள் அப்போது படங்களுக்கு இசையமைக்க வந்திருந்தார்கள். இந்த ஆல்பத்தில் தங்கள் பாடல்களுக்கு அவர்களே ஆர்கெஸ்ட்ராவையும் அமைத்துக் கொடுத்தார்கள். பிரேசிலின் லூயிஸ் பான்ஃபா தன் பாடல்களுக்குக் கிதாரோடு வந்து சேர்ந்தார்.

ஆல்பத்தின் உச்சம், 'தி சாண்ட்பைப்பர்' படத்துக்காக மேண்டல் போட்ட 'தி ஷேடோ ஆஃப் யுவர் ஸ்மைல்'. மெட்டை முதலில் கேட்ட பாடலாசிரியர் ஜானி மெர்சர், பழைய பாட்டு ஒன்றின் சாயல் அடிக்கிறது என்று கைகழுவிவிட்டார். பிறகு பால் ஃபிரான்சிஸ் வெப்ஸ்டர் எழுதினார். ஆஸ்கார் விருது வந்து சேர்ந்தது.

மெர்சர் லேசுப்பட்டவர் அல்ல. ஹென்றி மான்சினி இசையில் அவர் எழுதி, இந்த ஆல்பத்திலும் இடம்பெற்ற 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' பாட்டு முழுவதும் இரண்டே வாக்கியங்கள்தான். மூச்சை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்று தெரியாதவர் பாடினால் பொருள் சிதறிவிடும். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பிய பென்னட், முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியில் இத்தாலிய 'பெல் கான்டோ' முறையில் குரல் பயின்றவர். அந்தப் பயிற்சி இங்கே கைகொடுக்கிறது. வயலின்கள் எத்தனை அடர்ந்து வந்தாலும் சொல் அமுங்குவதில்லை.

ஆல்பத்தில் உள்ள இன்னொரு பாட்டான 'ஸ்மைல்' பாட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1936-ல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்குச் சாப்ளின் போட்டது வெறும் வாத்திய இசை. வரிகள் ஏறியது 1954-ல்தான்.

காட்சியும் நட்சத்திரமும் தாங்கிப் பிடிக்காமல், குரலையும் வாத்தியத்தையும் மட்டும் நம்பி நிற்கிற பாட்டுதான் நல்ல பாட்டு. அந்தப் பரீட்சையில் 'தி ஆஸ்கார்' படத்தின் பாட்டும் தேறிவிட்டது என்பதுதான் வேடிக்கை!