உங்களுக்குத் தெரியுமா? மதுரை – அநுராதபுரம் மின்தடம்

மதுரை அருகே வாடிப்பட்டி வயல்களில் பம்புசெட்டை ஓட்டும் மின்கட்டமைப்பை இலங்கையோடு இணைக்கும் திட்டம் ஒன்று உண்டு. மதுரை – அநுராதபுரம் மின்தடத்தின் சாத்தியக்கூறு ஆய்வுக்கு 2010-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. நீளம் சுமார் 285 கி.மீ.; அதில் ஏறத்தாழ 50 கி.மீ. கடலடிக் கேபிள். இலக்கு 1,000 மெகாவாட்.

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். அதைக் கடலடிக் கேபிளில் அனுப்பினால், தூரம் கூடக்கூட, கேபிளை மின்னேற்றவே திறனில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே நேர்திசை மின்சாரம். இதில் இன்னொரு வசதி: இரு கட்டமைப்புகளும் தனித்தனியே இயங்கியபடியே கொடுக்கல் வாங்கல் நடத்தலாம்.

ஆனால் ஒரு சிக்கல். தென்மேற்குப் பருவக்காற்று தமிழகக் காற்றாலைகளையும் இலங்கையின் மன்னார்க் காற்றாலைகளையும் ஒரே மாதங்களில்தான் வேகமாகச் சுழற்றுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் வாங்குவது யார்? விலையும் கட்டணமும் பேசி முடிப்பது கேபிள் போடுவதைவிடக் கடினம் என்றே தோன்றுகிறது.

மற்ற அண்டை நாடுகளோடு இது நடந்தேவிட்டது: வங்கதேசத்துக்கு 2013 முதலே இந்திய மின்சாரம் போகிறது. 2024 நவம்பரில் நேபாள மின்சாரமும் இந்தியா வழியே அங்கு சென்றது. இலங்கை இணைப்புக்கோ 2025 ஏப்ரலில் மீண்டும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது.