ஊருக்கு மேலுள்ள வானம்

பாலாற்றுப் படுகையில் அமைந்த இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலிட்டு மயிர் களைந்து, பதனிட்டு, காலணியாக்கிக் கடல் கடந்து அனுப்புதல் இவ்வட்டாரத்தாரின் நெடுநாளைய தொழிலாகும். இவ்வூர்களின் கூரைகளுக்கு மேல் இந்நாளில் புதிய விருந்தாளி ஒன்று சுற்றித் திரிகின்றது. சுழல்விசிறிகளும் மின்கலமும் படப்பெட்டியும் கொண்ட அதனை ஆளில்லா வானூர்தி என்று நூல்களும் டிரோன் என்று மக்களும் வழங்குவர். திருமணத்தைப் படமெடுக்கவும், நிலத்தை அளக்கவும், பயிருக்கு மருந்து தெளிக்கவும் அது பயன்படுகின்றது.

தெருவில் வண்டி ஓட்டுவோர்க்கு விதி உண்டு. தெருவின் மேல் பறப்பதற்கு விதி வகுப்பவர் யார்? நகராட்சியா?

நம் அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை, 1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பெற்றது. மாநிலங்கள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை அது கூறுகின்றது. சாலை, குடிநீர், தெருவிளக்கு, இடுகாடு என நீளும் அந்நிரலின் இறுதியில் நிற்பது யாது? இறைச்சிக் கூடங்களையும் தோல் பதனிடும் நிலையங்களையும் ஒழுங்குபடுத்துதல்! ஆம்பூர் மாணவர்க்கு இது வியப்பளிக்கும். தோல் பதனிடும் கூடம் நகராட்சிக்கு உரிய பொருளாயிற்று; அதன் கூரைக்கு மேலுள்ள வானமோ அந்நிரலில் இல்லை. வான்வழியும் வானூர்தியும் 7ஆம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை. பறப்பது ஊரெல்லையை அறியாது. மேல்விசாரத்தில் எழுந்தது சில நிமிடங்களில் ஆர்க்காட்டின் மேல் நிற்கும். ஊருக்கொரு விதி இருப்பின் எதற்குக் கட்டுப்படுவது?

ஆதலின் ஒன்றிய அரசே 2021 ஆகஸ்டு 25 அன்று டிரோன் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகள் வானத்திற்கு மூன்று வண்ணங்கள் தீட்டின. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை தனி அனுமதியின்றிப் பறக்கவிடலாம். மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தாரின் இசைவு வேண்டும். சிவப்பு மண்டலத்தில் ஒன்றிய அரசின் இசைவின்றி நுழைதல் ஆகாது. அரக்கோணத்தில் இராஜாளி என்னும் கடற்படை வானூர்தித் தளம் உள்ளது. அத்தகைய இடங்களுக்கு அருகில் விளையாட்டாகவும் பறக்கவிடலாகாது. வண்ணங்கள் என்றும் ஒரே நிலையில் இருப்பனவும் அல்ல. வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் போன்றதொரு விமானத்தளத்தில் போக்குவரத்து நடைபெறுங்கால், அதன் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் இசைவு பெற்றே பறக்கவிடல் வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை பச்சையின் உயரம் 200 அடியாகக் குறையும். எழும் முன் அன்றன்றைய வரைபடத்தைப் பார்த்தல் இன்றியமையாதது.

ஆராய்ச்சிக்கென விலக்கு அளிக்கப்பட்டவை தவிர, ஏனையவற்றிற்குப் பதிவெண் வேண்டும். 2 கிலோவுக்கு மேற்பட்டவற்றை இயக்குவோர் சான்றிதழ் பெறல் வேண்டும். அதற்கு 18 வயது நிரம்பி, 10ஆம் வகுப்பில் தேறியிருத்தல் தேவை.

அங்ஙனமாயின் உள்ளூர் அதிகாரிகளுக்கு வேலையே இல்லையோ? உண்டு. தேர்த்திருவிழா, தலைவர்தம் வருகை போன்ற காலங்களில், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், குறித்ததோர் இடத்தை ஒரு முறைக்கு 96 மணி நேரத்திற்கு மிகாமல் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். மேலும் டிரோன் எழுவதும் இறங்குவதும் தரையில்தானே! நகராட்சித் திடலையோ தொழிற்சாலை முற்றத்தையோ பயன்படுத்த உரியவரின் ஒப்புதல் வேண்டும்.

இவ்வட்டாரத்தில் எச்சரிக்கை மிகுதியும் வேண்டப்படுவது ஏன்? புகைபோக்கிகளும் உயர்மின் கம்பிகளும் நெருங்கிய இடங்கள் இவை. பெரிய இரும்புக் கட்டடங்களின் அருகே டிரோனின் திசைகாட்டி தடுமாறக்கூடும். காலணித் தொழிற்சாலைகளில் ஒட்டுப்பசையும் எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களும் இருக்கும். நசுங்கிய லித்தியம் மின்கலமோ தானே தீப்பற்ற வல்லது. வேலை முடிந்து பெண்கள் திரளாக வெளியேறும் வாயிலின் மேல் பறக்கவிடுதல் ஆபத்து மட்டுமன்று, நாகரிகமும் அன்று. தனிமனித மறைவுரிமை அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது.

இனி இதன் நற்பயனையும் கருதுவோம். தோற்கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தமை நாடறிந்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். அத்தகைய சுவரின் வெடிப்பையும் கசிவையும், அதனடியில் ஓர் ஆளை நிறுத்தாமலே மேலிருந்து படமெடுத்துக் காட்ட டிரோனால் இயலும். அங்ஙனம் ஆராய வருபவர் அரசு அலுவலரேயாயினும், மண்டல வண்ணத்தை முதலில் பார்த்தே டிரோனை எழுப்புதல் வேண்டும்.