சேராத பாகங்களைச் சேர்க்கும் கணக்கு

2023 மே 27. ஜிரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய நாள். வீரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி மொன்டே லுஸ்ஸாரி மலையுச்சி வரை 18.6 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறார் என்பதுதான் போட்டி. முதலிடத்தில் இருந்தவர் கெரைன்ட் தாமஸ். அவரைவிட 26 விநாடி பின்தங்கியிருந்தார் ஸ்லோவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச். மலையடிவாரத்தில் ரோக்லிச் மாற்றிக்கொண்ட சைக்கிளை ரசிகர்கள் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்கள். பெடல் பக்கத்தில் வழக்கமான இரண்டு பல்சக்கரங்களுக்குப் பதில் ஒன்றே ஒன்று. அதில் 42 பல். பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்திலோ 44 பல். அந்தப் பின்பக்கச் சாமான்கள் கப்பி ரோட்டில் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்காகச் செய்யப்பட்டவை. பாதி ஏற்றத்தில் செயின் கழன்றது. இறங்கி மாட்டிக்கொண்டு மறுபடி மிதித்தவர், தாமஸைவிட 40 விநாடி குறைவான நேரத்தில் ஏறி முடித்தார். மொத்தப் பந்தயத்தையும் 14 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

முன்னால் சிறிது, பின்னால் பெரிது என்ற இந்த ஏற்பாடு பந்தயக்காரர்களுக்குத்தான் புதுசு. பிரான்ஸின் சான் எத்தியென் ஊரில் இருந்த போல் த விவி நூறு வருடத்துக்கு முன்பே இதற்காக வாதாடிக்கொண்டிருந்தார். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர் அவர். ஒரே கியர் வைத்த சைக்கிளில் மலை ஏறிச் சலித்துப்போய், பெடல் பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்களை அடுத்தடுத்துப் பொருத்தினார். மேடு வந்தால் இறங்கிச் செயினைக் கையாலேயே தூக்கிச் சின்னச் சக்கரத்தில் மாட்டுவார். அதுவும் போதாமல் இடப்பக்கத்திலும் இரண்டைப் பொருத்தி, ஒரே சைக்கிளில் நான்கு கியர் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ஜ், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதினார். டூர் பந்தயத்தில் டீரெய்லருக்கு, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவிக்கு, 1937இல்தான் அனுமதி கிடைத்தது.

இந்தப் பழைய தகராறு இன்றைக்கும் கடையில் உயிரோடு இருக்கிறது. சாதாரண மனிதர் வாங்கும் ரோடு பைக்கின் கியர் பெரும்பாலும் பந்தயக்காரரின் காலை மனதில் வைத்தே அமைக்கப்படுகிறது. சில வருடங்களுக்கு முந்தைய 10 கியர் ரோடு பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் 50, 34 பல். பின்னால் 11 முதல் 28 வரை பத்துப் பல்சக்கரங்கள். இதன் மிக இலகுவான கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.55 மீட்டர் நகரும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அந்தக் கியரில் நிமிடத்துக்கு 39 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதிக்கும் மொத்த உடம்பும் ஏறி இறங்க வேண்டும், முட்டி கெஞ்சும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்கோ, கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பார்த்தவர்களுக்கோ இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்முனையைப் பாருங்கள். அதே சைக்கிளின் கனமான கியரில், 50க்கு 11 என்று வைத்து நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டருக்கு மேல். வேலை முடித்து வந்து மாலையில் ஓட்டுகிற எத்தனை பேர் அந்த வேகத்தில் மிதிக்கிறார்கள்? இறக்கத்தில் அந்த வேகம் வரும்தான். அப்போது பெரும்பாலோர் மிதிப்பதில்லை, பிரேக்கில் விரல் வைத்திருப்பார்கள். ஆக, தேவையில்லாத பக்கம் கியர் இருக்கிறது, தேவையான பக்கம் இல்லை.

தீர்வு சுலபமாகத் தோன்றும்: மவுண்டன் பைக்கின் பெரிய பல்சக்கரத் தொகுதியை, சைக்கிள்காரர்கள் ‘கேசட்’ என்பதை, ரோடு பைக்கில் மாட்டிவிட்டால் ஆயிற்று. ஷிமானோ கம்பெனியின் 10 கியர் மவுண்டன் கேசட், 10 கியர் ரோடு சக்கரத்தில் அப்படியே உட்காரும். பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றே, 3.95 மில்லிமீட்டர். சிக்கல் டீரெய்லரில் வருகிறது. 28 பல்லுக்குச் செய்யப்பட்ட குட்டை டீரெய்லர் 36 பல்லை எட்டாது. தொய்யும் செயினை இழுத்துப் பிடிக்கவும் அதனால் முடியாது.

இழுத்துப் பிடிக்கும் திறனுக்கு எளிய கணக்கு உண்டு. முன்சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் பின்சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். 50, 34 என்றால் 16. 11, 28 என்றால் 17. மொத்தம் 33. அந்தக் காலத்து ரோடு டீரெய்லரில் செயினை இழுத்துப் பிடிக்கும் குட்டைக் கூண்டு தாங்குவது சரியாக அவ்வளவுதான். பின்னால் 36 போட்டால் தேவை 41 ஆகிவிடுகிறது. நீளக் கூண்டு கொண்ட மவுண்டன் டீரெய்லர் 45 வரை தாங்கும். அப்படியானால் 10 கியர் கேசட்டுக்கு 10 கியர் மவுண்டன் டீரெய்லரையே வாங்கிவிடலாமே?

இங்கேதான் பலர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பெட்டியின் மேல் இரண்டிலும் 10 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் சேராது.

ஹேண்டில்பாரில் உள்ள ஷிஃப்டரை ஒரு ‘கிளிக்’ தட்டினால் கேபிள் கொஞ்சம் இழுபடுகிறது. கேபிள் ஒரு மில்லிமீட்டர் இழுபட்டால் டீரெய்லர் எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்பது அந்த டீரெய்லரின் விகிதம். இரண்டையும் பெருக்கினால் பல்சக்கரங்களின் இடைவெளி வர வேண்டும். ஷிமானோவின் பழைய 10 கியர் ரோடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.3 மி.மீ. இழுக்கும். அதற்கான ரோடு டீரெய்லரின் விகிதம் 1.7. பெருக்கினால் 3.9. இடைவெளிக்குக் கச்சிதம். 10 கியர் மவுண்டன் டீரெய்லரின் விகிதமோ சுமார் 1.2, அது வேறொரு ஷிஃப்டருக்காகச் செய்தது. இரண்டையும் கோத்தால் ஒரு கிளிக்குக்கு 2.8 மி.மீ.கூட வராது. செயின் அடுத்த பல்லில் ஏறாமல் நடுவில் நின்று கடகடக்கும்.

அதற்கு முந்தைய தலைமுறையான 9 கியர் மவுண்டன் டீரெய்லரின் விகிதம் ரோடு டீரெய்லருடையதேதான், 1.7. எத்தனை கியர் என்பது டீரெய்லருக்கே தெரியாது. படிப்படியாக எண்ணுவது ஷிஃப்டரின் வேலை. ஆகவே 10 கியர் ரோடு ஷிஃப்டர், 9 கியர் மவுண்டன் டீரெய்லர், 10 கியர் மவுண்டன் கேசட் என்ற விசித்திரக் கூட்டணி சிக்கலில்லாமல் வேலை செய்கிறது. எந்தக் கம்பெனி அட்டவணையிலும் இடம்பெறாத இந்தக் கூட்டணியைத் தொலைதூரம் ஓட்டுகிறவர்கள் பல வருடம் கைமாற்றிக் கொடுத்துவந்தார்கள். இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு இப்போது 1.98 மீட்டர். அதே 6 கிலோமீட்டர் வேகத்தில் 39 சுற்று 50 ஆகிறது. ஒரு எச்சரிக்கை: ஷிமானோவின் டியாக்ரா 4700 தொகுதியும் 10 கியர்தான், ஆனால் அதன் ஷிஃப்டர் 11 கியர் கணக்கில் கேபிளை இழுப்பது. மேற்சொன்ன கூட்டணியில் அதற்கு இடமில்லை.

இந்தத் தலைவலியெல்லாம் கிளிக் வந்த பிறகு ஏற்பட்டது. 1984இல் ஷிமானோ தன் டூரா-ஏஸ் தொகுதியில் கிளிக் ஷிஃப்டரைக் கொண்டுவருவதற்கு முன், கியர் மாற்றுவது பெரும்பாலும் வெறும் உராய்வில் நிற்கும் நெம்புகோல்தான். எந்த டீரெய்லரையும் எதனுடனும் கட்டிக்கொள்ளலாம். சரியான இடத்தைக் காதாலும் கையாலும் பிடிக்க வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. டீரெய்லரின் பின்புறம் ‘பி ஸ்குரூ’ என்ற சின்னத் திருகாணி இருக்கும். அதை முறுக்கினால் மேல் குட்டிச் சக்கரம் கேசட்டை விட்டு விலகும். 34 பல்லுக்கென்று விற்கப்பட்ட டீரெய்லர் 36 பல்லில் உரசாமல் ஓடுவது பெரும்பாலும் இதன் புண்ணியத்தில்தான். அது போதாவிட்டால் டீரெய்லரைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்கும் சிறு இணைப்புத் துண்டுகள் கிடைக்கின்றன.

மற்றது செயின் நீளம். பெரிய கேசட் போட்டுவிட்டுப் பழைய செயினையே விட்டுவைத்தால், முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று தெரியாமல் மாற்றும் நொடியில் செயின் விறைத்து, டீரெய்லரை அதைத் தாங்கும் ஹேங்கரோடு பிய்த்து ஸ்போக்குக்குள் செருகிவிடும். அந்தக் கியரை யாரும் போடமாட்டார்கள் என்பார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது எல்லோரும் போடுவார்கள். வண்டியைத் தெருவுக்கு எடுக்கும் முன் ஸ்டாண்டில் நிறுத்தி, அந்த ஜோடியை ஒருமுறை மெல்லச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

வீச்சைக் கூட்டுவதற்கு விலையும் உண்டு. 11-28 கேசட்டில் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொரு பல்லாக ஏறலாம். 11-36இல் 11, 13, 15, 17 என்றுதான் தாவ முடியும். எதிர்க்காற்றில் சமவெளியில் ஓட்டும்போது ஒன்று கனமாகவும் அடுத்தது லேசாகவும் இருக்கும். நடுவில் இருந்த 14 போய்விட்டது. கடற்கரைச் சாலையில் கூட்டமாக வேகம் பிடித்து ஓட்டுகிறவருக்கு இது எரிச்சல். வாரக்கடைசியில் மலைக்குப் போகிறவர் கவனிக்கக்கூட மாட்டார். தட்டையான ஊரில் மட்டும் ஓட்டுகிறவர் இந்த வேலையில் இறங்காமலிருப்பதே நல்லது.

ஸ்ராம் கம்பெனி இந்த விஷயத்தில் தாராளம் காட்டியது. அதன் 10 கியர் ரோடு ஷிஃப்டருக்கும் மவுண்டன் டீரெய்லருக்கும் இழுப்புக் கணக்கு ஒன்றே. பிறகு கேபிளே இல்லாத, வயர்லெஸ் ஏ.எக்ஸ்.எஸ் அமைப்பில் ரோடு ஷிஃப்டரோடு ஈகிள் மவுண்டன் டீரெய்லரைச் சேர்க்க அதுவே வழி வைத்தது. பின்னால் 10 முதல் 50 பல் வரை; ஐந்து மடங்கு வீச்சு.

ஷிமானோவும் 2023இல் ‘க்யூஸ்’ என்ற தொகுதியை வெளியிட்டு, 9, 10, 11 கியர் மூன்றுக்கும் ஒரே கேபிள் இழுப்பு, ஒரே பல்சக்கர இடைவெளி என்று ஆக்கிவிட்டது. பெட்டியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்துத் திண்டாட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று, வீட்டில் கிடக்கும் பழைய 9, 10 கியர் ஷிஃப்டர்களோடும் கேசட்களோடும் அது சேராது.