முக்காலணா இடுக்கி

வடநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் இந்திப் பாடப் புத்தகம் வழியாகப் பெற்றோருக்கும் பழக்கமாகிவிட்ட கதைகள் சில உண்டு. பிரேம்சந்தின் ‘ஈத்கா’ அவற்றுள் ஒன்று. 1933-ல் வெளிவந்த அச்சிறுகதையின் நாயகன் நாலைந்து வயதுச் சிறுவன் ஹமீது. ஆனால் படித்தவர் நெஞ்சில் கடைசிவரை நிற்பது ஓர் இரும்பு இடுக்கி! இந்தியில் ‘சிம்ட்டா’. தவாவிலிருந்து ரொட்டி எடுக்கும் சாதாரணச் சாமான்.

தாய் தந்தையற்ற ஹமீதை வளர்ப்பவள் கிழப்பாட்டி அமீனா. ரம்ஜான் பெருநாளில் கிராமத்துப் பிள்ளைகளோடு அவனும் தொழுகைத் திடலுக்குப் போகிறான். காலில் செருப்பில்லை. கையில் மூன்றே பைசா. ரூபாய்க்கு 64 பைசா இருந்த அக்காலத்தில் அது முக்காலணா. மற்றவர்கள் இராட்டினம் ஏறுகிறார்கள், இரண்டிரண்டு பைசாவுக்கு மண்பொம்மைகள் வாங்குகிறார்கள், மிட்டாய் தின்கிறார்கள். ஹமீது இரும்புக் கடையில் நிற்கிறான். ரொட்டி எடுக்கும்போது பாட்டியின் விரல் சுடுவது அவன் நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் சொன்ன விலை ஆறு பைசா, ஐந்துக்கு இறங்குகிறார். ‘மூன்றுக்குத் தருவீர்களா?’ என்று கேட்டுவிட்டு, திட்டு விழுமோ என்ற பயத்தில் பையன் நகர்ந்துவிடுகிறான். கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார் கடைக்காரர்.

இடுக்கி எதைக் குறிக்கிறது என்று தேர்வில் கேட்டால் ‘தியாகம்’ என்று ஒரே சொல்லில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். தவறில்லை. ஆனால் பிரேம்சந்த் தியாகியைப் படைக்கவில்லை, பிள்ளையைப் படைத்திருக்கிறார். பொம்மைகளை மட்டம் தட்டும் ஹமீதே அவற்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டுகிறான்; ஒருவனும் கொடுப்பதில்லை. மிட்டாய் தராதவர்கள் மேல் அவனுக்குக் கோபமும் உண்டு. இடுக்கியைக் கொண்டுபோனால் பாட்டி மெச்சுவாள், அக்கம்பக்கத்தாரிடம் காட்டுவாள் என்ற ஆசையும் உண்டு. வாங்கிய பிறகு அதைத் துப்பாக்கி போல் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறானே, அந்த நடை ஒன்று போதும்!

வழிநெடுக நடக்கும் வாய்ச்சண்டையில் சிப்பாய், தண்ணீர்க்காரன், வக்கீல் பொம்மைகள் எல்லாம் இடுக்கியிடம் தோற்கின்றன. நியாயத்தால் அல்ல, ஹமீதின் வாய் சாமர்த்தியத்தால். வீடு சேர்ந்ததும் மண் உடைகிறது, இரும்பு நிற்கிறது. ‘இது குறியீடு’ என்று ஆசிரியர் விரல் நீட்டிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. மண்ணும் இரும்பும் எங்கும் நடந்துகொள்வதுபோல இங்கும் நடந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

பாட வகுப்பில் அவசரமாகத் தாண்டப்படும் இடம் ஒன்று உண்டு. இடுக்கியைக் கண்டதும் அமீனா மகிழவில்லை, திடுக்கிட்டு மார்பில் அடித்துக்கொள்கிறாள். நடுப்பகல் ஆகியும் பிள்ளை எதுவும் தின்னவில்லை, குடிக்கவில்லை. இந்த இரும்பைத்தானா வாங்கி வந்தான்! இடுக்கியின் உண்மையான விலை அந்தக் கிழவிக்குத்தான் தெரியும். முக்காலணா அல்ல, ஒரு பெருநாளின் பசி. விரல் சுடுவதால் வாங்கினேன் என்று பையன் குற்றவாளிபோல் சொன்ன பிறகுதான் கோபம் கரைகிறது. முந்தானையை விரித்து, கண்ணீர் சொட்டச் சொட்ட, அவனுக்காகப் பிரார்த்தனை செய்கிறாள்.

பாட்டி ஏன் அழுகிறாள் என்று ஹமீதுக்கு விளங்கவில்லை.