விரலி: சுமந்து செல்வதற்கா, சேமித்து வைப்பதற்கா?

ஒரு காலத்தில் ஆசிரியரின் சட்டைப் பையில் இருந்தவை ஊற்றுப் பேனாவும் சுண்ணக்கட்டித் துகளுந்தாம். இன்று அவற்றோடு விரல் நீளப் பொருள் ஒன்றும் சேர்ந்துள்ளது. நம் மாணவர்கள் அதனைப் ‘பென்டிரைவ்’ என்பர். சிங்கப்பூரில் ‘தம்ப் டிரைவ்’ என்பாரும் உளர். தமிழில் ‘விரலி’ எனும் பொருத்தமான பெயர் அதற்கு வாய்த்துள்ளது. இக்கட்டுரையில் நாமும் விரலி என்றே குறிப்போம். பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் இன்று இதனுள் அடங்கியே ஊர் விட்டு ஊர் செல்கின்றன. இதனைத் தேர்ந்து வாங்கும் முறையையும் கையாளும் முறையையும் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைக்க வேண்டிய கடமை நமக்கு ஏற்பட்டிருக்கிறது. அது நம் பள்ளிக்கு நேர்ந்த ஓர் இழப்பினால் ஏற்பட்ட கடமை. எனவே அதனையே முதலில் கூறுவோம்.

2019-ஆம் ஆண்டு, நம் தோட்டத்து லயங்கள் இடிபடப் போகின்றன என்னும் செய்தி உறுதியானது. வீடு மாறும் பரபரப்பில் பழைய படங்கள் குப்பையோடு போய்விடக் கூடாதே என்ற கவலையால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையுடன் அவற்றைத் திரட்டலானோம். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும் பால்மரத் தொழிலாளர்கள், 1962-ஆம் ஆண்டின் வகுப்புப் படம், கோவில் திருவிழா, மழையில் இடிந்த பழைய பள்ளிக் கொட்டகை என 640 படங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் இட்டுப் படியெடுத்தபின் உரியவரிடம் திருப்பித் தந்தோம். முதியோர் எழுவர் கூறிய பழங்கதைகளையும் பாடிய பாடல்களையும் ஒலிப்பதிவும் செய்தோம்.

அலுவலகக் கணினியில் இடம் போதவில்லை. ஆகவே அண்டை நகரத்து இரவுச் சந்தையில் ஒரு விரலி வாங்கினோம். மேலே ‘2 டெராபைட்’ என்று பொறித்திருந்தது; விலை 35 வெள்ளி. வாங்கியவர் வேறெவரும் அல்லர், நாமே. மலிவாகக் கிடைத்ததென்று ஆசிரியர் அறையில் பெருமையாகக் காட்டவும் செய்தோம். கோப்புகள் யாவற்றையும் அதில் ஏற்றினோம். பெயர்கள் ஒன்றுவிடாமல் வரிசையாகத் தெரிந்தன. அதுவே போதுமென்று கணினியில் இருந்தவற்றை அழித்துவிட்டோம். சில திங்கள் கழித்து, ஆண்டு மலருக்காக அதனைத் திறந்தபோது முதல் 183 படங்கள் மட்டுமே தெரிந்தன. ஏனையவற்றின் பெயர் இருந்தது, படம் இல்லை. ஒலிப்பதிவுகள் ஒன்றும் ஒலிக்கவில்லை. அதற்குள் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன. நான்கு தாலாட்டுகள் பாடித் தந்த மூதாட்டியார் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? இதை விளங்கிக்கொள்ள, விரலியின் உள்ளே நிகழ்வதைச் சற்று அறிதல் வேண்டும்.

விரலியின் உள்ளே சுழலும் தட்டு எதுவும் இல்லை. சிலிக்கன் சில்லு ஒன்றில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மின்னணுக்கள் சிறைப்பட்டு நிற்கும், அல்லது நில்லாதிருக்கும். பால்மரத்தில் கட்டிய மங்குகளை எண்ணிப் பாருங்கள். பால் உள்ள மங்கு ஒரு குறி. வெறும் மங்கு மற்றொரு குறி. இவ்விரண்டு குறிகளின் வரிசையே எழுத்தும் படமும் ஓசையும் ஆகிறது. மின்சாரம் நின்ற பின்னும் மங்கிலுள்ள பால் சிந்துவதில்லை. அறையைச் சுற்றியுள்ள காப்புச் சுவர் மின்னணுக்களை வெளியேறவொட்டாது தடுக்கிறது. ஆனால் அழிக்க வேண்டுமாயின் ஒரு மங்கை மட்டும் தனியே கவிழ்க்க இயலாது. ஒரு நிரை முழுவதையும் ஒருசேரக் கவிழ்க்க வேண்டும். அவ்வாறு எழுதி அழிக்குந்தோறும் காப்புச் சுவர் சிறிது சிறிதாக நைகிறது. ஓயாமல் வெட்டப்பட்ட பட்டை பால் தராமற் போவதுபோல, ஒரு நாள் அவ்வறையும் பயனற்றதாகிவிடும். நீண்ட காலம் பயன்படுத்தாமல் வைத்தாலும், குறிப்பாக வெப்பமான இடத்தில் வைத்தாலும், மின்னணுக்கள் மெல்லக் கசிந்து வெளியேறும். விரலி என்றும் அழியாப் பெட்டகம் என்று கருதுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இந்த நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோக்கா. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1984-ஆம் ஆண்டில் முதல் வகையையும், 1987-ஆம் ஆண்டில் இன்றைய விரலிகளில் உள்ள வகையையும் உலகுக்கு அறிவித்தார். அதனைச் சட்டைப் பையில் இடும் பொருளாக்கியதில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. முதற் கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் வழக்குகளும் நடந்தன. அவற்றுள் நாம் புக வேண்டுவதில்லை. சிலாங்கூர் மாநிலத்து நெல்வயற் சிற்றூரான செகிஞ்சானிலிருந்து தைவான் சென்று பயின்ற புவா கெய்ன் செங் என்பவர், 2000-ஆம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து அங்கே ஃபைசன் எனும் நிறுவனத்தைத் தொடங்கினார். விரலியை இயக்கும் சுற்றுகளை ஒரே சில்லில் அடக்கி 2001-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்டது. சிற்றூர்ப் பள்ளியில் பயில்கிறோமே என்று ஏங்கும் நம் மாணவர் இப்பெயரை நினைவிற் கொள்ளட்டும். தொடக்க நாளைய விரலி 8 மெகாபைட் கொள்ளும். அந்நாளைய நெகிழ்வட்டு ஐந்தின் கொள்ளளவுக்குச் சற்றே மேல். இன்று ஒரு கைப்பேசிப் படமே அதில் பாதியை அடைத்துவிடக் கூடும்.

இனி நம்மை ஏய்த்த விரலிக்கு வருவோம். விரலியினுள் நினைவகச் சில்லோடு, அதனை ஆளும் மற்றொரு சில்லும் உண்டு. ‘உன் கொள்ளளவு யாது?’ என்று கணினி வினவும்போது விடை கூறுவது இந்த ஆளும் சில்லே. கணினி அதனை நம்புகிறது, அளந்து பார்ப்பதில்லை. வஞ்சகர் இந்தச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்பித்துவிடுகின்றனர். உள்ளே இருந்தது ஏறத்தாழ 8 ஜிகாபைட். அது சொன்னதோ 2 டெராபைட். பெரட்டுப் புத்தகத்தில் நூறு பெயர். நிரையில் இறங்கியவர் பத்துப் பேர். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் நினைவகத்தின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் பெயர்கள் யாவும் தெரியும். உண்மையான இடம் நிரம்பிய பின் வந்தவை எங்கும் எழுதப்படாமலே போகும். வேறு சில போலிகளில் புதியவை பழையவற்றின்மேல் எழுதப்பட்டு, முன்னவை கெடும். கணினிக் கடையொன்றில் மீட்டுத் தருமாறு கேட்டோம். எழுதப்பட்டு அழிந்தது எனில் தேடலாம், எழுதப்படாததை எங்கே தேடுவது என்று அக்கடைக்காரர் வினவினார். நாம் வாய் திறக்கவில்லை.

ஆகையால் விரலி வாங்குவோர் முதலில் காண வேண்டியது கொள்ளளவை அன்று. விலைக்கும் கொள்ளளவுக்கும் உள்ள பொருத்தத்தையே. ஒரு டெராபைட் உண்மை விரலிக்குச் சில நூறு வெள்ளி ஆகும். அதனை 30, 35 வெள்ளிக்கு ஒருவர் தருகிறார் எனில் அவர் வள்ளல் அல்லர். பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருளை, பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குக. வாங்கியவுடன் சோதித்தலும் வேண்டும். நம்மிடம் வேறிடத்தில் உள்ள கோப்புகளால் அதனை முழுவதும் நிரப்பி, கழற்றி மீண்டும் பொருத்தி, கடைசியில் ஏற்றியவற்றையும் இடையில் ஏற்றியவற்றையும் திறந்து பார்த்தல் எளிய வழி. இதற்கென இலவச மென்பொருள்களும் உள்ளன. மூத்த மாணவர் எவரேனும் அவற்றை இயக்கித் தருவர்.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுவோம். 64 ஜிகாபைட் என்று வாங்கிய நல்ல விரலியும் கணினியில் 59 அல்லது 60 என்றே காட்டும். இது வஞ்சகம் அன்று. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றனர், விண்டோஸ் கணினி 1024 வீதம் எண்ணுகிறது, அவ்வளவே.

மாணவருக்கு 16 அல்லது 32 ஜிகாபைட் தாராளம். ஆசிரியருக்கு 64 போதும். அதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் பெருமைக்கே.

வேகத்தைப் பொறுத்தவரை, யுஎஸ்பி 2.0 என்பது 2000-ஆம் ஆண்டினது. 2008-ஆம் ஆண்டில் வந்த 3.0 அதனினும் பன்மடங்கு விரைவானது. பின்னதன் செருகியுள் நீல நிற நாக்கு பெரும்பாலும் காணப்படும். ஆனால் நீலம் பூசிய போலிகளும் உள. உறையின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது படிக்கும் வேகம்; எழுதும் வேகமோ அதனினும் மிகக் குறைவு. நம் படத்தொகுப்பு 25 ஜிகாபைட்டுக்குக் குறையாது. நொடிக்கு 5 மெகாபைட் எழுதும் மலிவு விரலியில் அதனை ஏற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். கைப்பேசியிலும் பொருத்த விரும்புவோர் ஒரு முனையில் டைப்-சி செருகியும் உள்ள விரலியை வாங்கலாம். மூடி தனியே கழலும் விரலியை மாணவருக்கு வாங்கித் தராதீர்கள். மூடி ஒரு வாரத்திற்கு மேல் தங்கியதை நாம் கண்டதில்லை. பழைய ஒளிபரப்பிகளும் தொலைக்காட்சிகளும் ‘ஃபேட் 32’ எனும் அமைப்பைத்தான் அறியும். அவ்வமைப்பில் 4 ஜிகாபைட்டுக்கு மிகுந்த தனிக்கோப்பு ஏறாது. ஆண்டு விழாக் காணொளி ஏற மறுத்தால் விரலி கெட்டுவிட்டதென்று வீசியெறிய வேண்டா. ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்புக்கு மாற்றினால் ஏறும். மாற்றுமுன் உள்ளிருப்பவற்றை வேறிடத்தில் படியெடுத்தல் வேண்டும். ஏனெனில் மாற்றும்போது யாவும் அழியும்.

கையாளும் முறையில் மாணவர் செய்யும் பெரும்பிழை, வேலை முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்குதல். திரையில் ‘முடிந்தது’ என்று காட்டிய பின்னும் கணினி சில கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடும். பாதி எழுதிய பேரேட்டைப் பிடுங்கினால் கணக்கு என்னாகும்? அவ்வாறே பெயர்ப்பட்டியல் சிதைந்து விரலி முழுவதும் வெறுமையாய்த் தோன்றும். பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைத் தந்து, விளக்கு மின்னுவது நின்றபின் கழற்றுக. தவறிக் கோப்பை அழித்துவிட்டாலோ, அதன்பின் எதையும் அதில் எழுதாது உடனே உரியவரிடம் தருக. அழித்தபோது பட்டியலில் பெயர் மட்டுமே அடிக்கப்பட்டிருக்கும். பொருள் சிறிது காலம் அங்கேயே கிடக்கும்.

அச்சகத்திலும் நகலெடுக்கும் கடையிலும் பலர் விரலி செருகிய கணினியில் நம்முடையதைச் செருகுகிறோம். கோப்புறைகளை மறைத்து, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளைக் காட்டும் நச்சுநிரல் பள்ளிக் கணினிகளில் பரவியதை நாம் அறிவோம். 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் எனும் நச்சுநிரல் ஈரான் நாட்டு அணு ஆலையின் பொறிகளையே கெடுத்தது. அது விரலி வழியாகவும் பரவியது. எனவே வெளியே சென்று வந்த விரலியைச் சோதித்த பின்னரே திறக்க வேண்டும். கடைக்குச் செல்லும்போது அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் ஏற்றிச் செல்லுக. சாலையில் கண்டெடுத்த விரலியை ஆவலால் செருகுதல் கூடவே கூடாது. மாணவர் அடையாள எண்ணும் மதிப்பெண்ணும் உள்ள கோப்புகளுக்கு ஆசிரியர்கள் கடவுச்சொல் இடல் வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தாலும் விரலி ஊர்தியே, வீடன்று. நாமும் நம் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இன்று பள்ளியின் படத்தொகுப்பு அலுவலகக் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என மூன்று படிகளாக உள்ளது. வன்தட்டு பள்ளியில் இராது. சங்கச் செயலாளர் இல்லத்தில் இருக்கும். ஆண்டுக்கொரு முறை அதனைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். பெயரைப் பார்த்து அமைவதில்லை.

தொலைந்த 457 படங்களுள் 246 மீண்டும் கிடைத்துள்ளன. எஞ்சிய 211 படங்கள் சிரம்பானிலோ கிள்ளானிலோ எவர் வீட்டு அலமாரியிலோ இருக்கக் கூடும். இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் அருள்கூர்ந்து தேடிப் பார்க்க வேண்டுகிறோம். கொணரும் படம் அன்றே திருப்பித் தரப்படும். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் எடுத்தனுப்பினாலும் ஏற்போம். மறைந்த மூதாட்டியாரின் மகளார் பள்ளிக்கு வந்து, தம் தாயின் தாலாட்டுகளுள் இரண்டைப் பாடித் தந்தார். மற்ற இரண்டும் தமக்கு நினைவில்லை என்றார். மேல் லயத்தில் அவரோடு வாழ்ந்தவர் எவருக்கேனும் அவை நினைவிருப்பின், எந்நாளும் பள்ளி அலுவலகத்துக்கு வரலாம்.