குண்டின் பருமனும் தடுக்கும் ஆற்றலும்

கைத்துப்பாக்கி வெடித்த மாத்திரத்தில் எதிரி பின்புறமாகத் தூக்கி எறியப்படுவதைத் திரைப்படங்களில் காண்கிறோம். இது இயற்கை விதிக்கு முரணானது. குண்டை முன்னே செலுத்தும் விசைக்கு ஈடான விசை, சுடுபவனின் கையையும் பின்னுக்குத் தள்ளுகிறது. அவனை வீழ்த்தாத விசை எதிரியை மட்டும் எங்ஙனம் தூக்கி எறியும்? அங்ஙனமாயின், தாக்க வருபவனைத் தடுத்து நிறுத்துவதுதான் யாது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் இவ்வினா எழுந்தது. அங்கே மோரோ மக்களுடன் போரிட்ட அமெரிக்கப் படையினரின் சுழல் துப்பாக்கிக் குண்டு, அங்குலத்தை நூறு கூறாக்கினால் 38 கூறு பருமன் என்று பெயர் பெற்றது. பல குண்டுகள் பாய்ந்த பின்னரும் மோரோ வீரர்கள் வாளுடன் நெருங்கினர் என்று படையினர் முறையிட்டனர். 1904-இல் தாம்சன் என்னும் படை அதிகாரியும் லகார்டு என்னும் மருத்துவரும் கால்நடைகளின் மீதும் பிணங்களின் மீதும் சுட்டு ஆராய்ந்தனர். 45 கூறுக்குக் குறையாத குண்டே வேண்டும் என்பது அவர்களது முடிபு. 1911-இல் அத்தகைய கோல்ட் கைத்துப்பாக்கி படைக்கு வந்தது. பருத்த குண்டே வல்லது என்னும் நம்பிக்கையும் வேரூன்றியது.

நம்பிக்கை ஒன்று, உடலின் இயல்பு வேறொன்று. 1986 ஏப்ரல் 11 அன்று, மயாமி நகர்ப்பகுதியில் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையினர் எண்மர், கொள்ளையர் இருவரை எதிர்த்தனர். ஒருவனது புயத்தைத் துளைத்து மார்பினுள் புகுந்த 9 மில்லிமீட்டர் குண்டு, இதயத்தை எட்டாமலே நின்றுவிட்டது. அப்புண்ணுடனேயே அவன் தொடர்ந்து சுட்டான். அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர்.

இதன்பின் அத்துறை 1989-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் கூறியது: மூளையோ தண்டுவடத்தின் மேற்பகுதியோ சிதைந்தாலன்றி, உடனடியாகச் செயலிழப்பான் என்பது உறுதியன்று. இதயமே அழிந்தாலும், மூளையில் எஞ்சிய உயிர்வளி ஒருவனைப் பத்து முதல் பதினைந்து விநாடி இயங்க வைக்கும். ஆகவே குண்டு பாயும் இடமும் ஆழமுமே முதன்மையானவை. ஆழம் பன்னிரண்டு அங்குலமேனும் வேண்டும். பருமன் அதற்குப் பின்னரே.

இடையில் பருத்த குண்டுகளை நாடிய அத்துறை, 2016-இல் மேம்பட்ட 9 மில்லிமீட்டர் குண்டைச் சுடும் துப்பாக்கிகளையே மீண்டும் தேர்ந்தது. பின்னுதைப்புக் குறைந்தால் குறி தவறுவதும் குறையும் அன்றோ?

பத்து விநாடியில் உயிர்கள் பறிபோகலாம். ஆதலின், கையிலுள்ள கருவியின் பருமனை மந்திரம் என நம்பியிருப்பவன் ஏமாறுவான். விலகிச் செல்ல வழியிருக்குமாயின், அவ்வழியினும் சிறந்த காப்பு வேறில்லை.